ஈரத்துணியோடு உள்ளே வரக்கூடாது

குற்றாலத்தில் சாரல் காலத்தில் படம் சொல்லுவதுதான் என் வேலை. என் பெயரைச் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாது. ‘படஞ்சொல்லி வாத்தியார்’ என்றால் தென்காசி முழுக்கத் தெரியும். யுத்தம் வருவதற்கு முந்தின வருஷங்கள் அவை. பள்ளிக்கூடத்து மானேஜரோடு வாய்ச்சண்டை போட்டு வேலையை உதறிவிட்டுச் சும்மா திரிந்த என்னைக் கூப்பிட்டு, ஒரு பண்ணையார் அந்த வேலையைக் கொடுத்தார். பட்டணத்து மியூசியத்தை அப்போது செத்த காலேஜ் என்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு நம் பக்கத்து ஜனங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஆசை. குற்றாலத்துப் பங்களாவை ஒட்டி ஒரு கூடம் கட்டிப் படங்களாக மாட்டியிருந்தார்.

மாட்டிய படங்களைவிட ஜனம் கூடுவது ஒரு சுவருக்கு முன்னால்தான். செங்கோட்டைக்கு மேற்கே இருந்து வந்த மலையாளத்து ஓவியர் ஒருவர் அதில் குற்றாலத்தையே எழுதியிருந்தார். அருவி, குளிக்கிறவர்கள், தேன் விற்கிறவர்கள், குரங்குகள். கீழே இடது மூலையில், இடுப்பில் சுண்ணாம்புக் கூடையோடு திரும்பிப் பார்க்கிற ஒரு பெண். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அரைத்த கூலிக்காரியின் முகத்தையே அவர் அங்கே எழுதிவிட்டார். கூடம் திறப்பதற்குள் அவள் மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

இதை நான் சொல்லும் தினுசே தனி. பித்தளைப் பூண் போட்ட பிரம்பால் அந்த முகத்தைத் தட்டி, “கல்லைக் கடவுளாக்கினவனைப் பார்த்திருப்பீர்கள், கூலிக்காரியைச் சித்திரமாக்கினவனைப் பாருங்கள்” என்பேன். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்குப் பெருமை பிடிபடாது. சொல்லும்போது நான் சுவரைப் பார்ப்பதில்லை. கேட்கிறவர்கள் முகத்தைத்தான் பார்ப்பேன்.

முதல் சாரலிலேயே ஒரு தொல்லை. எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட அப்படியே உள்ளே வந்து சுவரில் சாய்ந்தார்கள். கீழ்ப்பக்கம் பூஞ்சை பிடித்தது. எனக்கு வந்த கோபத்தில் வாசலில் பலகை எழுதி மாட்டினேன்: ‘ஈரத்துணியோடு உள்ளே வரக்கூடாது.’ பண்ணையார் முதுகில் தட்டிக் கொடுத்தார். சாதி பார்க்காத சட்டம் இந்த ஜில்லாவிலேயே இது ஒன்றுதான் என்று நான் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போடலாம் போலிருக்கிறது.

எல்லாரும் வந்து பார்க்க வேண்டும் என்பது பண்ணையார் கட்டளை. அதனால் சந்தை நாட்களில் கீழப்பாவூர், ஆய்க்குடி என்று ஊர் ஊராய்ப் போய், கைமணி அடித்து, சுண்ணாம்புக்காரி கதையைச் சொல்லி ஜனங்களை அழைப்பேன். அப்படி ஆய்க்குடியில் சொன்ன மறுவாரம் அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு வேட்டி, ஒரு துண்டு. ஏழெட்டு மைல் சாரலில் நடந்து வந்து, நனைந்த கோழி மாதிரி வாசலில் நின்றார். சுவரில் எழுதியிருக்கிற சுண்ணாம்புக்காரி தன் சம்சாரம் என்றார். நான் பலகையைக் காட்டி, “காயவச்சுக்கிட்டு வா, தாராளமாப் பாரு” என்றேன். நீ, வா, போ என்றுதான் பேசினேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த தடவை வேட்டியைப் பனையோலையில் பொதிந்து தலையில் வைத்து, கோவணத்தோடு நடந்து வந்திருக்கிறார். மரத்தடியில் நின்று அதைக் கட்டிக்கொண்டு வந்தார். நான் வேட்டி நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன். ஈரம் இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். பட்டுக் குடையோடு வந்த ஒரு வக்கீல் குடும்பம் பின்னால் காத்திருந்தது.

அடுத்த வருஷச் சாரலில் மூன்றாம் தடவையும் நனைந்து வந்து நின்றபோது எனக்கு எரிச்சல். வெயில் காலத்தில் வருவதுதானே என்று கேட்டேன். பங்குனியில் வந்தாராம், கூடம் பூட்டிக் கிடந்ததாம். ஆமாம், சாரல் முடிந்தால் நாங்கள் பூட்டிவிடுவோம். இதையெல்லாம் குற்றமாகச் சொல்லவில்லை அவர். தரையைப் பார்த்துக்கொண்டு ஒன்று மட்டும் சொன்னார்.

“அவ மொகம் மறந்து போச்சுய்யா. கொரலு இருக்கு, நடை இருக்கு. மொகம் மட்டும் வரமாட்டேங்கு.”

அன்றைக்கும் நான் அவரை உள்ளே விடவில்லை.

வீட்டில் சாப்பிடும்போது, சொன்னால் விளங்காத ஜனங்கள் என்று என் மனைவியிடம் குறைப்பட்டேன். அவள் மோரை ஊற்றிக்கொண்டே, “அவுகளுக்கு மாத்துத் துணி இருக்கான்னு கேட்டியளா?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மறுநாள் என் வேட்டி ஒன்றை மடித்துக் கூடத்து அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன்.

இருபது நாள் கழித்து வந்தார். வேட்டியை நீட்டினேன். வாங்கத் தயங்கினார். வற்புறுத்திக் கொடுத்தேன். கட்டிக்கொண்டு, தன் ஈரவேட்டியைப் பிழிந்து வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். அந்த நேரம் வேறு ஆளில்லை. சுவருக்கு முன்னால் நின்று, “எங்கனய்யா?” என்றார்.

வழக்கம் போலக் கை தானாகப் பிரம்பைத் தூக்கியது. பூண் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தது. அவர் கண்ணோடு என் கண்ணும் அங்கே போனது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் அந்த மூலையைப் பார்த்தேன்.

கூடை இருந்தது. தோள் இருந்தது. கழுத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு வெறும் வெள்ளை. ஈரம் தின்றதல்ல. பூண் அளவுக்குக் குழி குழியாகப் பொரிந்திருந்தது. தினம் பத்துத் தடவை, ஐந்து சாரல் காலம், நானே தட்டித் தட்டி உதிர்த்திருக்கிறேன். முந்தின வாரம்கூட ஒரு அம்மாள் அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் கண்ணைத் துடைத்தாள். நான் சொன்னதைக் கேட்டு அழுதாளே தவிர, அவளும் பார்க்கவில்லை.

அவர் குந்தி உட்கார்ந்தார். சுவரைத் தொடக்கூடாது என்பதும் என் சட்டந்தான். அவர் பெருவிரலால் அந்த வெள்ளையைத் தடவினார்.

“சுண்ணாம்பு அவ அரச்சதுதான்யா. மாவா இருக்கு.”

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“நீங்க தெனமும் பாத்திருக்கீயள்லா? எப்படி இருந்தா, சொல்லுங்கய்யா.”

வாயைத் திறந்தேன். கல்லைக் கடவுளாக்கினவன் என்ற வரிதான் வந்து நாக்கில் நின்றது. அவளுக்கு மூக்குத்தி இருந்ததா, நெற்றி அகலமா, சிரித்தாளா, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. நூறு ஊருக்கு அவளைச் சொன்னவன் நான்.

அவர் எழுந்து வாசலுக்குப் போய், என் வேட்டியை அவிழ்த்து மடித்துப் படியில் வைத்துவிட்டு, தன் ஈரவேட்டியைக் கட்டிக்கொண்டு சாரலில் இறங்கி நடந்தார்.