அக்கா இருக்கிற ஊரில் ஹோட்டல் அறை

“எங்கள் கட்டடம் நூறு ஆண்டுகளுக்கும் மேலானது. லிஃப்ட் பெரும்பாலான நாட்களில் ஓடும். வெந்நீர் காலையில் மட்டும். இவற்றை அறிந்தே வருமாறு வேண்டுகிறோம்.” பவானிபூரில் உள்ள ஒரு ஹோட்டலிலிருந்து ஜனவரியில் ஒரு புதன்கிழமை எனக்கு வந்த மின்னஞ்சல் இவ்வளவுதான். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தந்திருக்கிறேன். பழைய கட்டடங்களின் வயதைத் தேடிக் குறித்துவைப்பது, ஓய்வு பெற்ற பிறகு நான் பழக்கிக்கொண்ட வேலை. சான்று காட்டாமல் ‘நூறு ஆண்டுகளுக்கும் மேல்’ என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் தன் லிஃப்டைப் பற்றி உண்மை சொல்கிற ஹோட்டலை நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அறையை உறுதி செய்தேன்.

கொல்கத்தாவுக்கு நான் போனது கட்டடம் பார்க்க அல்ல. அக்காளின் கணவர், எங்கள் அத்தான், பக்கவாதத்தில் விழுந்து இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு லேக் கார்டன்ஸில் இரண்டு அறை ஃபிளாட். ஓர் அறை அத்தானுக்கு. இன்னொன்றில் மகனும் மருமகளும். அக்கா கூடத்தில் ஒரு மடக்குக் கட்டிலில் படுக்கிறாள். படுக்கிறாள் என்று சொல்வதுகூடத் தப்பு. அத்தானைப் புரட்டிவிட, துணி மாற்ற, தொண்டை நனைக்க என்று விடியும்வரை எழுந்துகொண்டே இருப்பாள். பகலில் ஓர் ஆயா வருகிறார். இரவுக்கும் ஓர் ஆயா வைப்பதற்கு அக்கா சம்மதிக்கவில்லை. அந்த வீட்டில் எனக்குப் படுக்க இடம் பண்ண வேண்டுமென்றால் யாராவது எழுந்து போக வேண்டும். அதனால்தான் ஹோட்டல்.

எங்கள் பக்கத்தில் இது எவ்வளவு பெரிய குற்றம் என்பது எனக்குத் தெரியும். கூடப்பிறந்தவள் குடியிருக்கும் ஊரில் போய் ஒருவன் விடுதியில் தங்கினால், ஒன்று அவர்களுக்குள் சண்டை, இல்லை அவள் வீட்டில் அவனுக்குச் சோறில்லை. மூன்றாவதாக ஒரு காரணத்தை யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.

திருநெல்வேலியிலிருந்து இரண்டு இரவுகள் ரயிலில் கழித்து ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, குரங்குக் குல்லா போட்ட வரவேற்பாளர் எழுந்து நின்று வருத்தத்தோடு சொன்னார்: “லிஃப்டேர் ஷொரீர் காராப், தாதா.” லிஃப்டுக்கு உடம்பு சரியில்லை, அண்ணா என்று அர்த்தம். வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போனதைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். பெட்டியோடு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். அறை அழகாகத்தான் இருந்தது. தலைக்கு மேல் எங்கோ இருந்த உத்தரம், தரையில் கறுப்பு வெள்ளைச் சதுரங்கள், கொசுவலை கட்டுவதற்கு நான்கு கால்கள் உயர்ந்த கட்டில், பச்சைச் சட்டங்கள் அடுக்கிய ஆளுயர ஜன்னல். அந்த ஜன்னலின் ஒரு கதவு மூடாது. குழாய் சொட்டும். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சொடக்குப் போடும். வாயில் வளைவில் ஓர் ஆண்டு பொறித்திருந்தது. மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியில் அதற்குப் பதினைந்து வருடம் பிந்திய ஓர் ஆண்டு. எது வீட்டின் வயது என்று நாளைக்கு யாரிடமாவது விசாரிக்க வேண்டும் என்று நினைத்தபடியே செருப்பைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் லேக் கார்டன்ஸ் போனேன். அக்கா தண்ணீர் கொடுத்தாள், காப்பி கொடுத்தாள். என்னோடு பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் படுக்கையில் இருந்த அத்தானிடம் பேசினாள்.

“கேட்டீயளா, ஒங்க மச்சினன் வந்துருக்காரு. லாட்ஜுல தங்கிருக்காராம். பெரிய மனுசன்லா.”

அத்தானுக்குப் பேச்சு இல்லை. கண்ணை என் பக்கம் திருப்பினார். எலும்பாகிப்போன அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். அக்காளைப் பார்க்கத்தான் எனக்குத் துணுக்கென்றது. எழுபத்து நாலு வயதுக்கான கிழடு அல்ல அது. கண்ணுக்குக் கீழே கருப்பாக இரண்டு பள்ளங்கள். அடுப்படியில் நின்றபடியே ஒருமுறை தலை முன்னால் தொங்கி, திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

மறுநாள் மதியம் கீழே கூச்சல் கேட்டது. இறங்கிப் போனால், அக்கா கையில் அடுக்குக் கேரியரோடு வரவேற்பாளரிடம் வங்காளத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்க வருகிறவர்கள் கீழேயே உட்கார வேண்டும், மேலே போக அடையாள அட்டை வேண்டும் என்பது அங்கே விதி.

“பாத்தியாலே, ஒன்ன இடுப்புல தூக்கித் திரிஞ்சவகிட்ட கார்டு கேக்கான் இந்த ஆளு.”

வரவேற்பாளர் குல்லாவைச் சரிசெய்துகொண்டு ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார். “சொந்த அக்காவா?”

“சொந்த அக்காதான்.”

“இதே ஊரில் வீடு?”

“ஆமாம்.”

“அப்படியானால் நீங்கள் ஏன் தாதா இங்கே தங்கியிருக்கிறீர்கள்?”

“நல்லாக் கேட்டான் பாரு!” என்று அக்கா கேரியரை மேசைமேல் வைத்துவிட்டுச் சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். அதற்குமேல் அட்டையை யாரும் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு அவள் மாஷிமா ஆகிவிட்டாள், சின்னம்மா மாதிரி.

லிஃப்ட் அன்றும் எழுந்திருக்கவில்லை. படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி, “இந்தப் பாழுங்கெடங்குலதான் வந்து கெடக்கணும்னு ஒனக்குத் தலையெழுத்தா?” என்று ஏசிக்கொண்டே ஏறினாள். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் கொண்டுவந்திருந்தாள். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் கடையில் உடைத்த கருப்பு உளுந்து கிடைக்கிறதாம். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் நான் உட்கார்ந்து சாப்பிட, அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மூடாத ஜன்னலைத் திட்டினாள், சொட்டும் குழாயைத் திட்டினாள், என் மனைவி எனக்குக் கட்டிக்கொடுத்திருந்த பழைய போர்வையைத் திட்டினாள். பிறகு, “நீ தின்னு. செத்த சாயுதேன்” என்றாள்.

நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் உறங்கிவிட்டாள். கால் கீழே தொங்க, வாய் லேசாகத் திறந்து, கல் விழுந்ததுபோல் ஓர் உறக்கம். காலைத் தூக்கி மேலே வைத்தேன். அவளுக்குத் தெரியவில்லை. தெருவில் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன, பள்ளிவிட்ட பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள், மின்விசிறி சொடக்குப் போட்டது. எதற்கும் அவள் அசையவில்லை. நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வெளித் தாழ்வாரத்தில் போட்டு உட்கார்ந்தேன். கொண்டுபோயிருந்த தடித்த புத்தகத்தில் ஒரே பக்கத்தை அன்று மாலைவரை வாசித்தேன்.

நாலு மணிக்கு மேல் விழித்தவள் பதறினாள்.

“எழுப்பக் கூடாதாலே? மணியப் பாரு! வீட்டுல என்ன பாடோ?”

பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. “ஒருத்தரும் கூப்பிடலியே” என்றாள். அதில் நிம்மதி இருந்ததா வருத்தம் இருந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாள் கொஞ்சம் முன்னதாகவே வந்தாள். மூன்றாம் நாள் இன்னும் முன்னதாக. கேரியரை மேசையில் வைப்பாள், ஜன்னலை இரண்டு வசவு வைவாள், படுத்துவிடுவாள். தாழ்வாரத்தில் வாளியை இழுத்துக்கொண்டு தரை துடைக்க வந்த பெண்ணை வரவேற்பாளரே ஓடிவந்து தடுத்தார். “மாஷிமா தூங்குகிறார்” என்று உதட்டில் விரல் வைத்தார். எனக்குத் தாழ்வாரத்தில் முதுகு வலித்தது. வீட்டின் வயதை விசாரிக்க மாநகராட்சிக்குப் போகும் யோசனையை மூன்றாம் நாளோடு விட்டுவிட்டேன்.

எழுந்ததும் காப்பி வரவழைத்துக் கொடுத்தபோது ஒருநாள் சொல்லிப்பார்த்தேன். “ராத்திரிக்கும் ஓர் ஆளைப் போட்டா என்னக்கா? அத்தான் ஆயா கையாலே சாப்பிட மாட்டாங்கன்னு நீயா நெனைச்சுக்கிடுதே.”

“நான் ஒண்ணும் நெனைக்கல. இப்ப நான் இங்கன கெடக்கேன். அங்க அவுக ஆயா கையால கஞ்சி குடிச்சிருப்பாவ. நான் பக்கத்துல நின்னாத்தான் ஆயாவுக்கு வாயத் தொறக்க மாட்டாவ.”

“அப்ப ஒனக்குத் தெரிஞ்சேதான் இருக்கா? பெறகு ஏன் வீட்டுலேயே கெடந்து சாகுதே? மத்தியானம் எங்கயாவது போய்ப் படுத்துட்டு வரலாம்லா?”

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. “எதச் சொல்லிட்டு வர? கோயிலுக்குப் போறேன்னா ஒரு மணி நேரம். கடைக்குன்னா அரை மணி. வீட்டுல மனுசன் இப்படிக் கெடக்கையில, நான் உறங்கப் போறேன்னு சொல்லிட்டு எவளாவது வாசப்படி இறங்குவாளா? தம்பி லாட்ஜுல கெடக்கான், சோறு கொண்டுபோறேன்னா ஒரு பய வாயத் தொறக்க முடியாது.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் செய்த மரியாதைக்கேடுதான் அவளுக்கு வீட்டைவிட்டு வெளியேறக் கிடைத்த சீட்டு.

அது தெரியாமல்தான் அன்று மாலை ஃபிளாட்டில் அவள் மகன் என்னை மடக்கினான். பிறந்ததே கொல்கத்தாவில், வங்காளம் நன்றாக வரும், தமிழ் தேடித்தான் வரும். நல்ல பையன். நாற்பது தாண்டியவனைப் பையன் என்கிறேன்.

“மாமா, எ கேமோன் கொதா? இது என்ன பேச்சு, நீங்க ஹோட்டல்ல இருக்கிறது? எங்க ரூம்ல நீங்க படுங்க. நாங்க ஹால்ல படுக்கிறோம். அம்மா இந்த வயசுல டெய்லி மெட்ரோல கேரியர் தூக்கிட்டு ஓடுறாங்க. எனக்குப் பார்க்க முடியலை. நாளைக்குக் காலைல டாக்ஸி வரும், பெட்டியோட வாங்க. முடிஞ்சது.”

மருமகளும் வந்து நின்றாள். “ஆமா மாமா. நாங்க அறையக்கூட ஒதுக்கியாச்சு.”

இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டு வந்து களைத்த முகத்தோடு, உள்ளன்போடு கேட்டார்கள். மறுக்க என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. அக்கா பால்கனிக் கதவருகே துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே உரக்கச் சொன்னாள்:

“அவன் எங்க வருவான்? அவனுக்கு லாட்ஜுச் சுகம் கேக்கு. நம்ம வீட்டுத் தரித்திரம் அவனுக்கு ஒத்துக்கிடுமா?”

மடித்த துணியை அவள் மறுபடி உதறினாள். நான் புரிந்துகொண்டேன்.

“எனக்கு அங்கேதான் வசதியா இருக்கு” என்றேன். “வெந்நீர், தனி பாத்ரூம். இங்கே வந்தா எனக்குச் சரிப்படாது.”

மருமகளின் முகம் சுருங்கியது. அவள் கணவன் திரும்பி உள்ளே போனான். நோயாளி இருக்கும் வீட்டில் தங்க அருவருத்தவன் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும், நினைக்காமல் எப்படி? விடைபெறும்போது என் முதுகுக்குப் பின்னால் அக்கா அத்தானிடம் முறையிட்டாள்: “கேட்டீயளா, வெந்நியில்லா வேணுமாம் தொரைக்கு.”

சனிக்கிழமைக்கு எனக்கு ரயில். ஊரில் எனக்கே ஒரு மருத்துவமனைத் தேதி இருந்தது, தள்ள முடியாது. வெள்ளிக்கிழமை மதியம் விழித்தெழுந்து கொண்டையை முடிந்தபடி அக்கா சொன்னாள்: “நீ அடுத்த சனிக்கிழமதான் போறேன்னு வீட்டுல சொல்லிட்டேன். டிக்கெட்ட மாத்திட்டியாம்.”

“நாளைக்குப் போகணுமேக்கா.”

“போ. ஒன்ன யாரு இருக்கச் சொன்னா? எம்மவன் போன் போட்டுக் கேட்டா, இங்கனதான் இருக்கேன்னு சொல்லு. அது போதும்.”

ஒரு கல்யாணத்தின் நாளையே மூன்று பேரிடம் கேட்டுச் சரிபார்த்து எழுதுகிறவன் நான். ஆனாலும் கீழே இறங்கிப் போய், அறையை என் பெயரிலேயே இன்னும் ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். வரவேற்பாளர் காரணம் கேட்கவில்லை. “உங்கள் பை ஒன்று உள்ளே இருந்தால் நீங்கள் இருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்” என்றார். ஒரு துண்டையும் அந்தத் தடித்த புத்தகத்தையும் பையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, பெட்டியோடு படியிறங்கினேன்.

ரயில் பாலாசோர் தாண்டியதும் அக்கா மகன் கூப்பிட்டான். கோபம் தணிந்த குரல். “மாமா, அம்மா கேரியரோட கிளம்பிட்டாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவாங்க.” பக்கத்தில் ஒருவன் டீ டீ என்று கூவிக்கொண்டு வந்தான். போனின் வாயைக் கையால் பொத்தி, அந்தக் குரல் தாண்டிப் போனதும், “சரிப்பா, காத்திருக்கேன்” என்றேன். அந்த வாரம் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டான். இரண்டு முறையும் நான் பவானிபூரில் இருந்தேன்.

அந்தக் குடும்பக் கணக்கில் நான் கொல்கத்தாவில் தங்கியது பன்னிரண்டு நாட்கள். என் கணக்கில் ஐந்து. இனி யார் கேட்டாலும் பன்னிரண்டு என்றே சொல்லுவேன்.

நான் ஊர் திரும்பிய பிறகு அங்கே என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை. அக்காளிடம் கேட்டேன், “வேலயப் பாருலே” என்று போனை வைத்துவிட்டாள். வரவேற்பாளரிடம் கேட்டேன். அந்த ஏழு நாட்களும் மதியத்தில் அறைச் சாவியை மாஷிமா வாங்கிப் போனதாகவும், ஒருநாள் துவையல் தனக்கும் கிடைத்ததாகவும் சொன்னார். உள்ளே அவள் தூங்கினாளா, அல்லது எனக்காகக் கொண்டுவந்த சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாளா என்பது அவருக்குத் தெரியவில்லை. அக்கா தூங்கினாள் என்பதற்கு இதுவரை எனக்குச் சான்று கிடைக்கவில்லை.