பி பக்கத்து ஜெயசீலி

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் பஸ் நின்று கிளம்புவதற்குள் ஜெயசீலி அன்றைக்கான மூன்று பாட்டுகளை முடிவு செய்துவிடுகிறார். இரண்டு தனக்கு, ஒன்று அண்ணன் மெர்வினுக்கு. அண்ணனுடைய ஒன்றே பதினெட்டு நிமிடம் ஓடும். தன்னுடையவை இரண்டும் சேர்ந்து ஐந்தைத் தாண்டாது.

செம்பாக்கத்தில் இறங்கி, கைப்பையில் சின்ன ஸ்பீக்கரோடு ஏரிப் பக்கத்துத் தெருவுக்கு நடக்கிறார். வயது அறுபத்தொன்று. முப்பத்தாறு வருடம் ரயில்வே டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர். "எங்க? எத்தனை? ரிட்டர்னா?" என்று மூன்று சொல்லில் ஒரு ஆளை அனுப்பிவிடுவார். வேகமாகக் கத்திப் பாடும் பங்க் என்கிற ராக் இசையும் அப்படித்தான் என்பது அவர் கட்சி. "கிடார்ல விரல் வைக்க மூணே கார்ட்ஸ், ரெண்டே நிமிஷம். அதுக்குள்ள சொல்ல முடியலன்னா, சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

கட்சி பிறந்தது 1981-இல். கல்லூரி விடுதியில் இருந்த மெர்வின், கோவாக்காரச் சிநேகிதன் ஒருவனிடமிருந்து ஒரு கேசட் வாங்கி வந்தார். ஏ பக்கத்தில் நீண்டு நெளியும் பழைய ராக். பி பக்கத்தில் லண்டன் பங்க். அண்ணன் ஏ பக்கத்திலேயே குடியேறினார். பதினேழு வயதுத் தங்கை பி பக்கத்தில் அசையாமல் நின்றுவிட்டாள்.

அதற்கு முந்தின ஞாயிறுதான் சர்ச் பாடகர் குழுவில் அவளைக் கடைசி வரிசைக்குத் தள்ளியிருந்தார்கள். குரல் கரகரப்பாம்; வாயை மட்டும் அசைத்தால் போதுமாம். கேசட்டில் ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். "அவ குரல் என் குரலைவிட மோசம். ஆனா மைக் அவ கையில இருந்துச்சு." இதைச் சொல்லும்போது இன்றும் ஜெயசீலி சிரிப்பதில்லை. லண்டனில் வேலையில்லாத பிள்ளைகள், வாசிக்கத் தெரியாமலேயே மேடையேறினார்கள். பெரிய ராக் கலைஞர்கள் ராஜாக்களைப் போல ஆகிவிட்ட காலத்தில், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஏறினார்கள். பாட்டில் பாதி வார்த்தை ஜெயசீலிக்குப் புரியவில்லை. ஏறியது புரிந்தது.

பங்க் யாரிடமிருந்தும் எதையும் வாங்கவில்லை என்று ஜெயசீலி சொன்னால் மெர்வின் விடமாட்டார். "தப்பு, சீலி. உங்க பங்க் ஆளுங்க வீட்டுல ஒளிச்சு வெச்சுக் கேட்டது எங்க ரெக்கார்டைத்தான். அப்பனைத் திட்டறவனுக்கும் அப்பன் மூக்குதான்" என்பார். ஞாயிறு மதியச் சாப்பாடுகள் நாற்பது வருடம் இப்படியே கழிந்தன. அண்ணி கிருபா மட்டும் சாம்பாரைப் பரிமாறிவிட்டு எழுந்து போய்விடுவார்.

சென்ற ஆடியில் மெர்வினுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை, வலது கால், கூடவே பேச்சு. கேட்பதெல்லாம் புரிகிறது, பதில் தொண்டைவரை வந்து திரும்பிவிடுகிறது. அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு ஜெயசீலி வந்துவிடுகிறார். பாட்டு முடிந்ததும் சண்டையைத் தொடங்குவார். அண்ணனின் பதிலையும் தானே சொல்லுவார். "நீ என்ன சொல்லுவே? அந்த கிடார் சோலோல ஒரு பயணம் இருக்குன்னு சொல்லுவே. அதுக்கு நான் என்ன சொல்றேன்னா..."

மெர்வினுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ஜென்சி ஒருநாள் இதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். வாசலில் செருப்பை மாட்டும்போது மெதுவாகச் சொன்னாள்: "ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. அங்கிளோட பேச்சையும் நீங்களே பேசிடறீங்க. கேட்டுட்டுச் சும்மா இருங்க. அவருக்கு இடம் விடுங்க."

அன்று பஸ்ஸில் ஜெயசீலிக்குப் பாட்டு எதுவும் ஓடவில்லை. வாயை மட்டும் அசைக்கச் சொன்னவர்களை ஆயுசுக்கும் மன்னிக்காதவர், அண்ணனுக்கு அதைக்கூட விட்டுவைக்கவில்லை.

சும்மா இருப்பது சுலபமாக இல்லை. வரிசையில் நாற்பது பேர் நிற்கிற ஜன்னலில் பழகிய வாய். முதல் வாரம் பதினைந்து நொடிகூடத் தாங்கவில்லை. கிருபா உள்ளேயிருந்து "சீலி!" என்று அதட்ட வேண்டியிருந்தது.

போன வியாழக்கிழமை தன் பாட்டைப் போட்டு முடித்தார். "அண்ணா, இதுக்கு முன்னாடி ராக்குல ஒண்ணுமே இல்ல. எல்லாம் இங்கதான் ஆரம்பம்" என்றார். அத்தோடு நிறுத்தினார். மின்விசிறி சுற்றியது. தெருவில் தண்ணீர் லாரி ஒன்று பின்வாங்கிப் போனது. மெர்வினின் இடது கை நாற்காலிக் கையைப் பற்றியது. உதடு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது.

"த..." என்றார். மூச்சு வாங்கினார். "தப்பு."

கிருபா மாவுக் கையோடு வாசற்படியில் வந்து நின்றார். மெர்வினின் உதடு மறுபடி அசையத் தொடங்கியிருந்தது. அடுத்த சொல் எங்கோ கிளம்பியிருந்தது. ஜெயசீலியிடம் அதற்கு மூன்று பதில்கள் தயாராக இருந்தன. வலது உள்ளங்கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, அண்ணன் பக்கமாகக் காதைச் சாய்த்தார்.