சரிகை முதலாளியின் மகனும் லயத்துச் சுவரும்

எனக்குப் பொறுமை கிடையாது. பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவளுக்கு இது பெரிய குறைதான். மேடையில் யாராவது பொய்யாக அழுதால் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது, எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவேன். இந்த வியாதி ஒரு ரஷ்ய நாடக இயக்குநரிடமிருந்து எனக்குத் தொற்றியது. கம்பஸில் முதல் வருடம் அவரைப் பற்றிய ஒரு போட்டோ கொப்பிக் கட்டு கைக்கு வந்தது. அன்று பிடித்தது.

மனிதர் மாஸ்கோவில் சரிகை நூல் செய்யும் ஆலை முதலாளியின் மகன். பிள்ளைகள் நடிப்பதற்கென்று வீட்டிலேயே மேடை கட்டிக் கொடுக்கிற அளவுக்கு வசதி. எங்கள் அம்மாவிடம் இருந்ததோ ஒரே ஒரு சரிகைப் புடவை. ஆனாலும் அந்தப் பணக்காரப் பிள்ளையை எனக்குப் பிடித்துப்போனது. சின்ன வயதிலிருந்தே ஒவ்வொரு முறை நடித்த பிறகும் தன் குறைகளைத் தானே கொப்பியில் எழுதி வைத்தவர். இயக்குநரான பிறகு, ஒத்திகையில் ஒரு வசனம் பொய்யாக ஒலித்தால் நம்பவில்லை என்று சொல்லி நிறுத்திவிடுவாராம். பேர்பெற்ற நடிகர்களே அந்தக் குரலுக்கு நடுங்கினார்களாம்.

நான் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். மாணவர்களிடம் "நம்பல, திரும்பச் செய்" என்பேன். வீட்டில் கணவர் தலைவலி என்றாலும் "நம்பல" என்று வாயில் வந்துவிடும். "வந்துட்டாருய்யா ரஷ்யாக்காரரு" என்று அவர் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஸ்பிரிங்வெளிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி இடையில் இறங்க வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கென்று ஒற்றைக் காம்பராக்களை வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், நான் பிறந்த அதே இடத்தில் அம்மா தனியாக இருந்தாள். லயத்துக்குப் பின்னால் மண்மேடு. இரண்டு மழைக்காலமாக மேடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அம்மாவின் காம்பராச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விழுந்திருந்தது. அம்மா அதில் பழைய துணியை அடைத்து வைத்திருந்தாள். பக்கத்துக் காம்பராவில் இருந்த அத்தையின் சுவரும் அப்படித்தான்.

மண்சரிவு ஆபத்தைப் பார்க்க முதல் தடவை ஓர் அதிகாரி வந்தபோது லயமே கைகட்டி நின்று, "ஒரு கொறையும் இல்லீங்க ஐயா" என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டது. கேள்விப்பட்டதும் எனக்குத் தலை வெடித்தது. அம்மாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.

"வீட்டுக்கு வந்த மனுசன் மூஞ்சியில அடிச்ச மாதிரி வெடிப்பக் காட்டச் சொல்றியா?" என்றாள்.

இன்னொரு அதிகாரி அடுத்த மாதம் வருகிறார் என்று தெரிந்தது. மழைக்கு முன்னால் அதுதான் கடைசி வாய்ப்பு. ஆபத்து என்று அவர் எழுதினால்தான் இவர்களுக்கு வேறு இடம். எனக்கு ஒரு யோசனை வந்தது, வந்த யோசனையை நான் ஒருபோதும் சும்மா விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் புள்ளக்காம்பரா காலியாக இருக்கும். அங்கே லயத்து ஆட்களைக் கூட்டி ஒத்திகை தொடங்கினேன். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. உள்ளதை, கைகட்டாமல், முதுகை வளைக்காமல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அத்தை பிறவி நடிகை. ஒத்திகை தொடங்கிய நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். இரண்டாவது வாரமே சரியான இடத்தில் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். அம்மாதான் சொதப்பினாள். "இங்க படுக்கப் பயமா இருக்குங்க" என்ற ஒரு வரியை, கடையில் சீனி கேட்பதுபோலச் சொன்னாள்.

"நம்பலம்மா. இன்னொருக்கா."

திரும்பவும் சொன்னாள். திரும்பவும் நம்பல.

"அந்தச் சுவரு விழுந்தா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்துச் சொல்லும்மா" என்றேன்.

"அத நெனைக்காமத்தான தெனமும் கண்ண மூடுறேன்" என்றாள் அம்மா.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, "சரி, இன்னொருக்கா" என்றேன்.

இப்படிக் கேட்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அந்த ரஷ்யருக்கு ஒருமுறை மேடையிலேயே மாரடைப்பு வந்தது. காட்சியை முடித்துவிட்டுத்தான் இறங்கினார், பிறகு நடிக்கவே இல்லை. கடைசிக் காலத்தில் நடிகர்களை வீட்டுக்கு வரவழைத்து ஒத்திகை பார்த்தார். அப்போது, தான் முன்பு சொன்னதையே மாற்றத் தொடங்கினார். பழைய காயத்தைக் கிளறி உணர்ச்சியை எடுக்கப் பார்க்காதே, செய்ய வேண்டிய காரியத்தை ஒழுங்காகச் செய், உணர்ச்சி தானே பின்னால் வரும் என்கிற பக்கம் சாய்ந்தார். உடம்பு படுத்தபிறகும் மனம் படுக்காத மனிதர். இதைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் எனக்கு ருசித்தது 'நம்பல'தான். அதில்தானே அதிகாரம் இருக்கிறது.

அதிகாரி வந்தார். தமிழ் தெரிந்தவர், தன்மையானவர். லயம் நிமிர்ந்து நின்றது. அத்தை துணியைப் பிடுங்கி வெடிப்பைக் காட்டினாள், கண்ணைத் துடைத்தாள். அம்மா முன்னால் வந்து, நான் சொல்லிக்கொடுத்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தி, "இங்க படுக்கப் பயமா இருக்குங்க" என்றாள். அன்றுதான் முதல்முறையாக அவளை நம்பினேன்.

அதிகாரி எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். லேசாகச் சிரித்தார்.

"நல்லாப் பேசுறீங்க. யாரு சொல்லிக் குடுத்தது?"

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. என்னை நோக்கிக் கையை நீட்டி, "எங்க டீச்சர்தாங்க! நாலு வாரமாப் பழக்குனாங்க!" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடினார். இதைவிட மோசமான இடங்கள் இருக்கின்றன, முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும், மழை முடியட்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். வெடிப்பு வெடிப்பாகவே இருந்தது. அது எங்களுடைய நாடகச் சாமான் ஆகிவிட்டிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக அதிகாரியைத் திட்டினேன், அத்தையைத் திட்டினேன், செத்துப்போன ரஷ்யரையும் விடவில்லை. அம்மாவின் காம்பராவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அம்மா வெடிப்பில் துணியைத் திரும்பவும் அடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"கடைசியில கொரல் கொஞ்சம் எறங்கிருச்சும்மா."

அம்மா திரும்பவில்லை. துணியை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டே பேசினாள்.

"நாலு வாரமா ஒங்கிட்ட பயமா இருக்கு, பயமா இருக்குன்னு எத்தன வாட்டி சொல்லியிருப்பேன்? சரியாச் சொல்றேனான்னு பாத்த. அப்ப எங்க வீட்டுக்கு வந்துரும்மான்னு ஒரு வாட்டி சொன்னியா?"

நான் நின்றுவிட்டேன். பதுளையில் எங்களுக்கு வாடகை வீடு, இரண்டே அறைகள். ஆனால் அது காரணமில்லை. என் கல்யாணத்தின்போது, மகளோடு போய் இருப்பாயா என்று யாரோ கேட்டதற்கு, "நா லயத்த விட்டுட்டு எங்க போகப்போறேன்" என்று அம்மா ஒருமுறை சொல்லியிருந்தாள். அந்த ஒன்றை மட்டும் ஒரு சந்தேகமும் இல்லாமல் நம்பிவிட்டேன். எனக்கு வசதியாக இருந்தது. வேறென்ன சொல்ல?

"வாம்மா" என்றேன். குரல் வெளியே வரவில்லை. இன்னொருமுறை சொன்னேன்.

அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இப்ப பஸ்ஸு இருக்கா?" என்று கேட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தாள். அது ஏற்கெனவே கட்டியிருந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு அத்தைதான் ரோடு வரை வந்தாள். நான் முகம் கொடுத்துப் பேசாததில் அவளுக்கு மனத்தாங்கல் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. பஸ் வளைவில் தெரிந்தபோது என் கையைப் பிடித்தாள்.

"நாதான் கெடுத்துட்டேன் டீச்சர். அடுத்த ஞாயித்துக்கிழம வருவீங்கதான? எனக்கு இன்னும் நல்லாச் சொல்லிக் குடுங்க."

வருகிறேன் என்றேன். அம்மா பஸ்ஸில் ஏறி எனக்கும் சேர்த்து இடம் பிடித்துவிட்டாள். இரண்டு அறையில் அத்தைக்கு எங்கே இடம் என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். நீங்களும் வர்றீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.