ஏழாம் பீப்பாவில் மண் வாசம்

1. ஒரு சொல்

எங்கள் வேலையில் சத்தம் சந்தடி கிடையாது. ஒரு மேசை, ஏழு கிளாஸ், ஒரு ஸ்கோர் சீட், ஒரு பேனை. ஆனால் அந்தப் பேனையால் ‘பழுது’ என்று எழுதினால், பன்னிரண்டு வருடம் பீப்பாவுக்குள் கிடந்த ரம் திரும்பவும் காய்ச்சுவதற்குப் போய்விடும். அன்று காலை பத்து மணிக்கு நான் அந்தச் சொல்லை எழுதினேன்.

முந்தல் ஊருக்குக் கிட்ட, முன்னர் கொப்பறாத் தேங்காய் அடுக்கிவைத்த களஞ்சியத்தில்தான் எங்கள் கம்பனி ரம்மைப் பழுக்க வைக்கிறது. சோடா கலந்து மடக்கென்று ஊற்றிக்கொள்கிற சாமான் அல்ல அது. சின்ன மிடறாக வாயில் வைத்து, ஆற அமரக் குடிக்கிற ரம். எந்தப் பீப்பா போத்தலுக்குப் போகலாம் என்று சொல்கிற டேஸ்டர் நான். இருபத்திரண்டு வருடமாக என் சொல்லுக்கு மறுசொல் இருந்ததில்லை. அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

கொழும்பு ஹோட்டல் ஒன்றுக்குச் சாமான் எடுக்கிற மிஸ் ஒருவர் அன்று வந்திருந்தார். ஒரே ஒரு பீப்பாவைத் தெரிந்தெடுத்து, அதை மட்டும் தனியாகப் போத்தலில் அடைத்துக் கொண்டுபோகப் போகிறார். நான் பாஸ் பண்ணிய கிளாஸ்கள்தான் அவர் முன்னால் போகும். அதுவரை மனேஜரின் அறையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

சிக்கல் என்னவென்றால், நான் விரதம். எங்கள் ஊர் உடப்பில் அம்மனுக்குத் தீ மிதிக்க நேர்ந்துகொண்டு, வலக்கையில் மஞ்சள் துண்டு கோத்த காப்புக் கட்டியிருந்தேன். காப்புக் கட்டினால் மீன், இறைச்சி, சாராயம் எதுவும் நாக்கில் படக்கூடாது.

மனேஜர் ரஞ்சித் மாத்தயா சிலாபத்துச் சிங்களவர். தமிழ் நன்றாகக் கதைப்பார். நான் காப்போடு வேலைக்கு வந்த முதல் நாளே கேட்டார்.

“செல்வராசா, நீ குடிக்கிறது இல்ல தானே, துப்புறது தானே? அம்மனுக்கு அது வெளங்கும்.”

“அம்மனுக்கு வெளங்கும் மாத்தயா. எனக்குத்தான் வெளங்கல்ல. மூக்கால மட்டும் பார்க்கிறன். என்ட மூக்கு போதும்.”

“போதும் எண்டு நீ சொன்னா எனக்கும் போதும்,” என்றார்.

2. மூன்று தரம்

ரம்மில் அரைவாசிக்கு மேல் தண்ணீர் விட்டுத்தான் மூக்குப் பார்ப்போம். அப்போதுதான் ஸ்பிரிட்டின் காரம் அடங்கி, கீழே கிடக்கிற வாசம் மேலே வரும். முதலாவதில் வறுத்த தேங்காய். இரண்டாவது கொஞ்சம் மொட்டை, வாசம் எழும்பவில்லை. மூன்றாவதில் பழுத்த அன்னாசி, ஓர் ஓரத்தில் கறுவாப்பட்டை. அப்படியே ஆறு முடிந்தது. ஆறாவது கிளாஸைச் சரித்து வைக்கும்போது கையில் ஊற்றுண்டு போயிற்று. சவர்க்காரம் எங்களுக்கு ஆகாது, வாசம் ஒட்டும். குழாயில் வெறும் தண்ணீரால் மணிக்கட்டு வரைக்கும் கழுவிவிட்டு வந்து, ஏழாவதைத் தூக்கினேன்.

ஈரமண். மழையில் நனைந்த சாக்கு. பீப்பாவின் பலகைக்குள் பூஞ்சணம் பிடித்தால் வருகிற அதே வாசம். மூன்று தரம் பார்த்தேன், மூன்று தரமும் வந்தது. மனேஜரைக் கூப்பிட்டு, கிளாஸை அவருடைய மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“அனே, ஓம்,” என்றார். “எனக்கும் வருது.”

எழுதினேன். பழுது.

மனேஜரின் முகம் கறுத்துவிட்டது. “கூப்பிடு அன்ரனை.”

அன்ரன் பீப்பாக் காவலர். பீப்பாக்களை உருட்டுவது, கழுவுவது, ஒழுக்கு அடைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. போன மாரியில் ஒரு பீப்பா ஒழுகியதற்கு அவருக்குக் கடிதம் கொடுத்திருந்தார்கள். இன்னொன்று நடந்தால் வேலை இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அது அன்ரனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதினேன். மூக்கு சொன்னதை எழுதாமல் விடுவதற்கு நான் யார்?

“பலகை பூத்திருக்கு அன்ரன்,” என்றார் மனேஜர். “பன்னெண்டு வருசத்துச் சாமான். நாளைக்கு வர வேணாம்.”

அன்ரன் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“அண்ணே, அந்தப் பீப்பாவ நான் கிழமைக்கு ரெண்டு தரம் தொட்டுப் பார்க்கிறனான். வந்து பீப்பாவில பாருங்க. அங்கயும் மணந்தா நான் ஒரு கத கதைக்காமப் போறன்.”

எனக்குக் கோபம் வந்தது. என் மூக்கை நம்பவில்லையா? அந்தக் கோபத்தில்தான் எழுந்து போனேன்.

3. களஞ்சியத்தில்

அன்ரன் ஏழாம் பீப்பாவின் அடைப்பைக் கழற்றி, நீண்ட செப்புக் குழாயை இறக்கி எடுத்து, கிளாஸில் விட்டார். தண்ணீர் கலந்தார். நான் கையை நீட்டினேன்.

“வேணாம். நானே பிடிக்கிறன். நீங்க மணந்து பாருங்க.”

குனிந்தேன். தேன், உலர்ந்த முந்திரிகைப்பழம், நல்ல மரம். மண் இல்லை. ஒரு பொட்டு மண் இல்லை!

“இங்க தாங்க,” என்று பறிக்காத குறையாக வாங்கி, என் கையால் மூக்கடிக்குக் கொண்டுவந்தேன். மண் வந்தது. அவரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். போயிற்று. திரும்ப வாங்கினேன். வந்தது.

காப்பைப் பார்த்தேன். ஆறு நாளாகக் குளிப்பில் நனைந்து நனைந்து காய்ந்த மஞ்சள் துண்டும் நூலும், நான் கழுவிய தண்ணீரில் ஊறி, கிளாஸின் வாய்க்கும் என் மூக்குக்கும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. மணிக்கட்டை மட்டும் முகர்ந்தேன். ஈரமண், நனைந்த சாக்கு. எல்லாம் என்னிடம்தான் இருந்தது.

அன்ரனுக்கு இன்னும் விளங்கவில்லை. “என்னண்ணே, இருக்கா இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே நின்றார். கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை என்று சொன்னால் முடிந்தது; அன்ரனும் தப்புவார், நானும் தப்புவேன். கிளாஸ் கழுவுகிற பிள்ளைக்கு ரெண்டு ஏச்சு விழும், அவ்வளவுதான். அம்மனுக்குக் காப்புக் கட்டிய கையை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கணக்குப் போட்டேன். வெட்கக்கேடு.

“பீப்பாவில இல்ல அன்ரன். என்ட கையில,” என்றேன்.

4. அந்த மிஸ்ஸுக்கு முன்னால்

மனேஜரின் அறைக்குப் போய், அந்த மிஸ் இருக்கத்தக்கதாகவே சொன்னேன். காப்பு நனைந்தது, நான் கவனிக்கவில்லை, ஏழாவது நல்ல ரம், அன்ரனில் பிழை இல்லை.

“இருபத்திரெண்டு வருசம்!” மனேஜர் கத்தினார். “ஒரு மஞ்சத் துண்டு தெரியல்லயா உனக்கு?”

“தெரியல்ல மாத்தயா.”

அந்த மிஸ் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப ஏழையும் கொண்டுவாங்க. நானே பார்க்கிறன். இவர் எழுதினது எனக்கு வேணாம்,” என்றார். சரியான பேச்சு. எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. கடைசியில் அவர் எடுத்தது மூன்றாவதை. நான் அதிக மார்க் போட்டிருந்ததும் அதற்குத்தான். ஸ்கோர் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்ரனின் வேலை போகவில்லை. அடுத்த கிழமையிலிருந்து ஸ்கோர் சீட்டில் கையெழுத்துக்கு இரண்டு கோடு. ‘பழுது’ என்று எழுதினால் பீப்பாக் காவலரும் ஒப்பமிட வேண்டும் என்று மனேஜர் போட்ட சட்டம். என் பேருக்குக் கீழே அன்ரனின் பேர்.

அன்ரன் என்னோடு கதைக்காமலே இருந்தார். நான் தீ மிதித்து, காப்புக் கழற்றி, காலில் மருந்தோடு வேலைக்கு வந்த அன்று கேட்டேன், “கோபமா அன்ரன்?”

“உண்மையச் சொன்னீங்க, சரி. ஆனா நான் களஞ்சியத்துக்குக் கூப்பிடாட்டி வந்திருப்பீங்களா அண்ணே?”

வந்திருக்க மாட்டேன் என்பது இருவருக்கும் தெரியும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கிளாஸில் பழுது மணத்தால் உடனே எழுதாதே. வேறொரு ஆளைப் பிடிக்கச் சொல்லி, உன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இன்னொரு தரம் பார். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். கிளாஸைப் பிடிக்கிறவர் அன்ரன்.