தேவி மாட்டிய கடைசி வயர்

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளானூரில் ஒரு வீட்டு ஹாலில் உட்கார்ந்து, கறுப்பு மானிட்டரில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது கம்ப்யூட்டர். ஃபேன் சுற்றுகிறது. கேபினட்டுக்குள் நீலமும் சிவப்புமாக லைட் எரிகிறது. கல்யாண மண்டப வாசல் மாதிரி ஜொலிக்கிறது. மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்' என்று ஒரு வரி எட்டிப் பார்த்துவிட்டு, அதுவும் அணைந்துபோகிறது.

அந்த வீட்டு சுமதி அக்கா ஈரோட்டுப் பக்கம். கணவருக்கு இங்கே ஐ.டி. வேலை, புது ஃப்ளாட். அக்கா வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுக்கிறார்.

"ஏனுங் தம்பி, பொண்ணு வீட்டுக்காரங்க போன் மேல போன் போடறாங்க. பழைய லேப்டாப்புல ஒரு போட்டோ தொறக்கறதுக்குள்ள நான் சோறே வடிச்சு எறக்கிடறேன். இன்னைக்காச்சும் படம் வந்துருமுங்களா?"

"வந்துரும்க்கா. சின்ன மேட்டரு."

சின்ன மேட்டர்தான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்குத்தான் மனசு வரவில்லை.

கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று கேட்டிருந்தீர்கள். என் தங்கச்சி தேவி இறந்துபோனாள். டெங்கு. ஆவடியில் எங்கள் கம்ப்யூட்டர் கடையை நாங்கள் இரண்டு பேரும்தான் பார்த்துக்கொண்டோம். பார்ட்ஸ் வாங்குவது, பேரம் பேசுவது, டெலிவரி எல்லாம் நான். அசெம்பிள் பண்ணுவது தேவி. "வாய் வேலை உனக்கு, கை வேலை எனக்கு"ன்னு சொல்லுவாள். இந்தப் பத்தியில் வாரா வாரம் என்னைக் கலாய்த்துக்கொண்டு வருவாளே ஒருத்தி... அவள்தான்.

சுமதி அக்காவின் கம்ப்யூட்டர், தேவி கடைசியாக அசெம்பிள் பண்ணியது.

காரியமெல்லாம் முடிந்து கடையைத் திறந்தபோது அது ஒரு மூலையில் இருந்தது. ஆன் பண்ணிப் பார்க்கவில்லை. அவள் மூடியதை அப்படியே அட்டைப்பெட்டியில் போட்டு, பைக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். டெஸ்ட் பண்ணாமல் தேவி எதையும் மூடியதே கிடையாது. நான் எதற்குத் திறக்க வேண்டும்?

இப்போது அது எதிரில் 'நோ சிக்னல்' என்கிறது.

பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன். ரேம் ஒரு ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது.

"ரோடுக்கா. பட்டாபிராம் தாண்டி வர்றதுக்குள்ள பைக்கு குதிச்ச குதியில கழண்டுகினு இருக்கும்" என்றேன்.

ரேமை அழுத்தி மாட்டி ஆன் பண்ணினேன். கறுப்பு.

அப்போதுதான் கண்ணில் பட்டது... மதர்போர்டின் மேல் சிவப்புத் தூள். கேபினட்டின் மேல்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டை இருக்கும், சூடு வெளியே போக. அதன் மேலேயே சந்தனம் வைத்து, சந்தனத்தின் மேல் தாராளமாகக் குங்குமம். காய்ந்ததும் உள்ளே உதிர்ந்திருக்கிறது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லவா? வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். அப்படி ஒரு சந்தோஷம்.

"இன்னாக்கா இது? ஓட்டை மேல யாராச்சும் பொட்டு வெப்பாங்களா? இது எலெக்ட்ரானிக்ஸ்க்கா. அம்மன் சிலை இல்ல. எல்லாம் உள்ள கொட்டிக்கினு கீது பாருங்க!"

சுமதி அக்காவின் முகம் சுருங்கிப்போனது.

"புதுப் பொருளாச்சேன்னு வெச்சனுங்க தம்பி. நானே கெடுத்துப்புட்டனுங்களா?"

'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு தூளுக்கு மெஷின் சாகாது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. பிரஷ்ஷை எடுத்து, பெரிய டாக்டர் மாதிரி சுத்தம் பண்ணினேன்.

கறுப்பு.

கேபிளை மாற்றினேன். கறுப்பு. அவர்கள் வீட்டு டிவியில் சொருகிப் பார்த்தேன். டிவியும் கறுப்பு. மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.

பக்கத்து மொபைல் கடை நசீர் பூந்தமல்லிக்காரன். எங்கள் இரண்டு பேருக்கும் சினேகிதன். டீ கிளாஸோடு வந்து நின்றான்.

"இன்னா மச்சான், கடைல கீற அத்தினி மானிட்டரையும் மாத்திட்டியா?"

"கிராபிக்ஸ் கார்டு போய்க்கீதுன்னு நெனைக்கிறேன்டா. கம்பெனி மேல கேஸ் போடணும்."

"போடு, போடு. பின்பக்கம் தொறந்தியா?"

"அங்க இன்னா கீது? வெறும் வயரு."

"அத்தான் கேக்குறேன். தொறந்தியா?"

"தேவி கட்டுன வயர்ல நான் கை வெச்சதே இல்ல. பக்காவா இருக்கும்."

நசீர் கிளாஸைக் கீழே வைத்தான்.

"ரோடுன்ற. குங்குமம்ன்ற. கம்பெனின்ற. ஊர்ல கீறவன் எல்லார் மேலயும் தப்பு. டேய், நம்ம தேவி ஒரு தப்பு பண்ணியிருந்தா இன்னாடா இப்ப? அதுக்காக அவ கெட்டிக்காரி இல்லன்னு ஆய்டுமா?"

அவன் சொன்னதுதான் விஷயம். அவளுக்கென்று மிச்சம் இருந்தது கெட்டிக்காரி என்கிற ஒரு பேர்தான். அதுவும் போய்விடக் கூடாது என்று, அன்றைக்கு நான் யாரை வேண்டுமானாலும் குற்றவாளி ஆக்கத் தயாராக இருந்தேன். பொட்டு வைத்த ஒரு அம்மாவைக் கூட.

பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன்.

தேவி வயர் கட்டினால் இறுக்கிப் பின்னின ஜடை மாதிரி இருக்கும். ஒரு பிசிறு தெரியாது. இதிலும் வயர் எல்லாம் போகவேண்டிய வழியில்தான் போயிருந்தது. வயரைக் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் எல்லாம் போட்டிருந்தாள். ஒரு டேக்கைக்கூட இழுத்து இறுக்கவில்லை. தளதளவென்று தொங்கியது.

பிராசஸருக்குக் கரண்ட் போகிற வயர் மேல் மூலையில் வரும். அதைத் தொட்டேன். சரியான இடத்தில், சரியான பக்கமாகத்தான் வைத்திருந்தாள். ஆனால் கிளிப் மாட்டும்வரை அழுத்தவில்லை. சும்மா வைத்த மாதிரி இருந்தது. கை பட்டதும் வெளியே வந்துவிட்டது.

"ரோடுல ஆடி..." என்று ஆரம்பித்தேன்.

"கிளிப் மாட்டியிருந்தா எந்த ரோடும் கழட்டாது மச்சான்" என்றான் நசீர். மெதுவாகத்தான் சொன்னான்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். மதர்போர்டு ஸ்க்ரூ, ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் விரலாலேயே திரும்பியது. கிராபிக்ஸ் கார்டு இடத்தில் உட்கார்ந்திருந்தது, லாக் விழவில்லை. எதையும் அவள் மறக்கவில்லை. எதையும் மாற்றி மாட்டவில்லை. எல்லாமே அது அது இடத்தில். எதிலுமே அழுத்தம் இல்லை.

பிராசஸர் மேலே சூட்டைத் தணிக்க இருக்கும் கூலர் மட்டும் பாறை மாதிரி இறுக்கமாக இருந்தது. அது எப்படி?

ஏனென்றால், அதை அழுத்தினது நான்.

அவள் இதை அசெம்பிள் பண்ணிய அன்றைக்கு மதியம் கவுன்டரில் போன் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து தேவி கூப்பிட்டாள்.

"ண்ணா, இந்தக் கூலர் கிளிப்ப ஒரு அழுத்து அழுத்திக் குடேன்."

"இன்னாடி, காலைல துன்னலியா?"

"துன்னேன், துன்னேன். நீ அழுத்திட்டு அப்பால பேசு."

ஒரே அழுத்து. டக்கென்று உட்கார்ந்தது. "பாத்தியா... இதாண்டி ஆம்பள கை" என்று சொல்லிவிட்டு மறுபடி போனுக்குப் போய்விட்டேன். எந்த வேலைக்கும் என்னைக் கூப்பிடாதவள், தான் அசெம்பிள் பண்ணும்போது என்னை மேஜைப் பக்கமே விடாதவள், அன்றைக்கு ஏன் கூப்பிட்டாள்? யோசித்தேனா? இல்லை. அடுத்த கஸ்டமரிடம் மவுஸ் விலை பேசிக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழ்வதற்குள்ளேயே, "கேபினட்ட மூடிட்டேண்ணா, ஊட்டுக்குப் போறேன்" என்றாள். அதுவும் அவளிடம் கிடையாத பழக்கம். மறுநாள் ஆஸ்பத்திரி. அங்கேயிருந்து அவள் திரும்பி வரவில்லை.

பிராசஸர் வயரைச் சொருகி அழுத்தினேன். டக். ஆன் பண்ணினேன்.

"வந்துட்சு மச்சான், வந்துட்சு!" என்றான் நசீர்.

நான் மானிட்டரைப் பார்க்கவில்லை. அணைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொரு ஸ்க்ரூவாக முடுக்க ஆரம்பித்தேன். லாக் எல்லாம் தள்ளினேன். டேக் எல்லாம் இழுத்தேன். முடுக்க முடுக்க, அவள் கை வைத்தது போய் என் கை வைத்ததாக மாறிக்கொண்டே வந்தது. அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது... எப்படி விடுவது? கஸ்டமர் மெஷின்.

ஜுரத்தில் பலமில்லாத கையோடு இவ்வளவையும் அவள் எப்படித்தான் மாட்டினாளோ.

மறுநாள் வெள்ளானூர் போய் மாட்டிக் கொடுத்தேன். படம் பளிச்சென்று வந்தது. சுமதி அக்கா முதல் வேலையாகக் கல்யாணப் பெண்ணின் போட்டோவைத் திறந்தார். சட்டென்று திறந்தது.

"குங்குமத்துனால தானுங்க தம்பி? இனி இது பக்கமே கொண்டுபோக மாட்டனுங்க."

'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். தேவி பேரும் தப்பித்திருக்கும். ஆனால் அந்த அம்மா முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியவில்லை.

"இல்லக்கா. குங்குமத்து மேல தப்பே இல்ல. உங்கள வீணா பேசிட்டேன், மன்னிச்சுக்கங்க. ஒரு வயரு சரியா அழுந்தல. என் தங்கச்சி மாட்டுனது. அன்னிக்கி அதுக்கு ஜுரம். கைல பெலம் இல்ல. எங்க யாருக்கும் தெரியல. இப்ப அது உயிரோட இல்லக்கா."

அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"போன்ல என்கூடப் பேசுமே, மானிட்டர் எது வாங்கறதுன்னு சொல்லுமே... அந்தப் புள்ளையா?"

"அதுதான்க்கா."

அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அப்புறம் சொன்னார்.

"கடைசியாப் பேசறப்ப அதுக்கு மூச்சு வாங்குச்சுங்க தம்பி. என்ன கண்ணு இப்படி மூச்சு வாங்குதுன்னு கேட்டேன். மாடி ஏறிட்டு இருக்கேங்க்கான்னு சிரிச்சுது. நானும் செரின்னு விட்டுட்டேன்."

"எங்க கடைக்கு மாடியே இல்லக்கா" என்றேன். "ஊட்டுக்கும் இல்ல."

திரையில் அந்தக் கல்யாணப் பெண் சிரித்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

படம் வராத ஒரு மெஷினிடம் ஒரு நாள் முழுக்க விதவிதமாகக் கேள்வி கேட்டேன். என் தங்கச்சியிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதுவும் கிண்டலாக.

உங்கள் வீட்டில் எப்போதும் கேட்காத ஆள் திடீரென்று ஒரு சின்ன உதவி கேட்டால், கிண்டலை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்.