தண்டவாளத்துக்கு அடியில் முனியனின் கால்

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் ரயில் பாதையில் நடந்தது.

மழையில் பாதை சரிந்துவிட்டது. எங்கள் கூலி ஆட்களையும் கிள்ளானிலிருந்து வந்த ஆட்களையும் சேர்ந்து தண்டவாளம் தூக்கச் சொன்னார் துரை. வேலை வாங்கும் மண்டோர்கள் இரண்டு பேர், கூட்டத்துக்கு ஒருவர். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

எங்கள் மண்டோர் "தூக்கு" என்றார். அதே நேரம் அவர்களுடைய மண்டோர் "இறக்கு" என்றார். ஒரு முனை நழுவி, கிள்ளான் ஆள் முனியனின் காலைச் சேற்றில் அமுக்கிவிட்டது.

"உங்க ஆளுதான் கைய விட்டான்."

"உன் ஆளுதான்யா."

மண்டோர்கள் சண்டை போட, நாங்கள் தொடவே பயந்து நின்றோம். ஆளுக்கொரு பக்கம் தூக்கினால் கால் போய்விடும்.

கீழே கிடந்த முனியனே வாயைத் திறந்தான். "மண்டோரே, ரெண்டு பேரும் சும்மா இருங்க. அண்ணே, நான் மூணு சொன்னதும் எல்லாரும் ஒண்ணாத் தூக்குங்க."

மூன்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. ஆனாலும் எல்லோரும் ஒன்றாகத் தூக்கினார்கள். நான் அவனை இழுத்துவிட்டேன். எலும்பு முறியவில்லை என்றார் மருந்து கட்டும் டிரசர்.

மத்தியானம் மண்டோர்கள் அவனைப் பார்க்க வந்தார்கள், தனித்தனியாகத்தான்.

நாளைக்கும் அதே வேலை. முனியனோ படுக்கையில். யார் குரலுக்குத் தூக்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.