அருணா அனுப்பிய பாட்டு

பஞ்சவர்ணம் ஒரு பாட்டு முடிவதற்குள் பதின்மூன்று கந்தூராக்களை இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டுவிடுவாள். இந்த ஊர் ஆண்கள் உடுத்துகிற அந்த வெள்ளை நீள அங்கியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் நாலு தெரு தள்ளி நிற்பவன் கண்ணில் படும் என்பதால் இது லேசான காரியம் இல்லை. அவள் என்னிடம் சொன்ன கணக்கு மூன்று; மிச்சம் பத்தும் என் கைச்சரக்கு. ஆனால் அந்தப் பாட்டு கருவேலன் பாடியதாக இருந்தால்தான் கை ஓடும் என்று அவள் சொன்னதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

கருவேலன் கமுதிப் பக்கத்துப் பையன். இருபத்தேழு வயதிருக்கலாம். ராப் பாடுகிறவன். முதல்முறை அவள் போனில் கேட்டபோது, ரேஷன் கடை வரிசையில் யாரோ சண்டை பிடித்ததைப் பதிவு செய்து வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் யாப்பு நடத்திய காது இது. இரண்டாம் முறை கேட்டபோது, அந்தச் சண்டையில் எதுகை ஓரிடத்திலும் வழுக்கவில்லை என்று தெரிந்தது. மூன்றாம் முறை நானே போனைக் கேட்டு வாங்கினேன்.

"என்ன டீச்சரம்மா, இஸ்கூல்ல நடத்துன பாட்டெல்லாம் மறந்துபோச்சாக்கும்?"

"பேசாம இருடி. அவன் கத்துறதுல ஒரு ஒழுங்கு இருக்கு."

"ஒழுங்கெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கூருப் பேச்சு. இதைப் போட்டுவிட்டா பக்கத்து வீட்டுல ஆளு இருக்க மாதிரி இருக்கும்."

பக்கத்து வீட்டில் ஆள் இல்லாத ஊரில் அவள் பதினைந்து வருடமாக இருக்கிறாள். துபாய் ஜுமைராவில் ஒரே அரபி வீடு, ஒரே வீட்டுவேலை. கணவன் இறந்த வருடம், நாலு வயது அருணாவை நாத்தனார் நாகவள்ளியிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். வந்து இறங்கிய வீட்டில் ஷம்மா என்று ஒரு பெண் குழந்தை. அதற்கும் நாலு வயது. தன் பிள்ளையை இறக்கிவிட்ட இடுப்பில் மறுநாளே ஷம்மா ஏறி உட்கார்ந்துகொண்டது. மேடம் நல்ல மாதிரி. ஞாயிற்றுக்கிழமை லீவு ஒழுங்காகக் கிடைக்கும். அன்று நடந்து சத்வாவுக்கு வந்துவிடுவாள்.

சத்வாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டிடத்தின் கீழே மீரா சாகிப்பின் தையல்கடை. கீழக்கரைக்காரர். கமுதியும் கீழக்கரையும் ஒரே ஜில்லா என்பதால் பஞ்சவர்ணத்துக்கு அந்தக் கடையில் தனியாக ஒரு ஸ்டூல் உண்டு. என் மகன் வீட்டில் ஞாயிறன்று எல்லோரும் பத்து மணி வரை தூங்குவார்கள். நான் கீழே இறங்கிவிடுவேன். எங்கள் சிநேகம் அப்படி வந்தது.

வருடத்துக்கு இரண்டு அட்டைப்பெட்டி ஊருக்குப் போகும். பால்பவுடர், சோப்பு, தைலம், பிஸ்தா. எல்லாவற்றுக்கும் மேலே அருணாவுக்கு ஒரு உடுப்பு. சோப்பைக் கடையில் வாங்குவாள். உடுப்பை மட்டும் வாங்க மாட்டாள். துணி எடுத்து மீரா சாகிப்பிடம் கொடுத்துத் தைக்க வேண்டும்.

"அளவு எங்க தாயி?" என்பார் அவர்.

பையிலிருந்து ஷம்மாவின் பழைய சட்டை ஒன்றை எடுத்து நீட்டுவாள்.

"இது அந்த அரபி வீட்டுப் பிள்ளை அளவுல்ல?"

"ரெண்டுக்கும் ஒரே வயசு பாய். ரெண்டு மாசந்தான் வித்தியாசம்."

தைத்து வாங்கியதும் பெட்டியில் வைக்க மாட்டாள். முதலில் ஷம்மாவுக்குப் போட்டுப் பார்ப்பாள். பட்டுப்பாவாடையில் ஷம்மா நடு ஹாலில் சுற்றிக் காட்டும். அவள் தூர நின்று பார்ப்பாள், மண்டி போட்டுக் கரையை இழுத்துவிட்டுப் பார்ப்பாள், பின்பக்கம் திருப்பிப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் கழற்றி மடிப்பாள். "போட்டுப் பாத்தேன் டீச்சரம்மா, அம்சமா இருந்துச்சு" என்று வந்து சொல்லும்போது, பார்த்தது எந்தப் பிள்ளையை என்ற குழப்பம் அவள் முகத்தில் கொஞ்சமும் இருக்காது.

ஊரிலிருந்து போட்டோ வரும். அருணா அதைப் போட்டு நிற்பாள். கச்சிதமாக இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் போகும்போது பார்த்தாலும் கச்சிதமாகத்தான் இருந்தது.

இந்த ஜனவரியில் கருவேலன் துபாய்க்கு வருகிறான் என்று செய்தி வந்தது. என் மகனிடம் சொல்லி எங்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டேன். "அம்மா, உட்கார நாற்காலி இருக்காதும்மா" என்றான். "உன்னைப் பெத்தப்பவும் நாற்காலி குடுக்கலடா" என்றேன். அதற்குமேல் அவன் வாதாடவில்லை. பஞ்சவர்ணம் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கச்சேரிக்கு ஒன்பது நாள் முன்னால் அவனுடைய புது ஆல்பம் வெளியானது. பெயர் அட்டைப்பெட்டி. பத்துப் பாட்டு. மறுநாள் மதியம் அருணாவிடமிருந்து பஞ்சவர்ணத்தின் போனுக்கு ஒரு லிங்க் வந்தது. அருணாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. மதுரையில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். தாயும் மகளும் தினமும் பேசுவார்கள். சாப்டியா, சாப்டேன், உடம்புக்கு, நல்லாருக்கு, வச்சிரவா, வச்சிரு. அவ்வளவுதான். பாட்டெல்லாம் அனுப்புகிற பழக்கமே கிடையாது. தனக்குப் பிடித்தவனின் பாட்டு என்று தெரிந்து மகள் அனுப்பியிருக்கிறாளே என்று பஞ்சவர்ணத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. காதில் மாட்டிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். பதினைந்து வருடத்தில் முதல்முறையாக ஒரு கந்தூரா கருகியது அன்றைக்குத்தான்.

ஞாயிறன்று கடைக்கு வந்தவள் ஸ்டூலில் உட்காரவில்லை. போனை மீரா சாகிப்பின் மேசையில் வைத்துப் போட்டுவிட்டாள். ஆல்பத்தின் நாலாவது பாட்டு. அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போய்விட, சித்தி வீட்டில் வளர்ந்த பிள்ளை பேசுவதுபோல.

பெட்டி வந்துச்சு பெட்டி வந்துச்சு, ஊரே கூடிப் பிரிச்சாக
ஒட்டி நின்ன என்னப் பாத்து ஒசத்தி ஒசத்திச் சிரிச்சாக
தொட்டுப் பாத்தேன் புதுச் சட்டை, தோள்ல நிக்கல, வழியுது
எட்டு வருஷம் எங்கம்மா எவன் தோள அளந்து வாங்குனா?

கடைசி அடியில் மேளம் நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வி மட்டும் தனியாக வருகிறது.

"நல்ல பாட்டுன்னு அனுப்பியிருப்பா" என்றேன்.

"அப்ப வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. வெறும் பாட்டை மட்டும் அனுப்பியிருக்கா. திட்டுறாளா டீச்சரம்மா?"

"கேட்டுரு."

"கேட்டு, ஆமான்னுட்டா?"

மீரா சாகிப் மிஷினை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"தாயி, ஆறு வருஷத்துக்கு முன்ன லீவு முடிஞ்சு வரும்போது அருணாவோட பழைய பாவாடை ஒண்ணு கொண்டுவந்தியே. கொக்கி மாத்தித் தரச் சொல்லி எங்கிட்டக் குடுத்தே."

"ஆமா."

"உள்பக்கம் திருப்பிப் பாத்தேன். ரெண்டு பக்கமும் மூணு மூணு விரக்கடை பிடிச்சிருந்துச்சு. கைத்தையல். பிரிச்சுப் பிரிச்சுப் போட்டிருக்காக. நீ லீவுல வாறேன்னு தெரிஞ்சதும் உங்க நாத்தனார் ஒக்காந்து பிடிச்சு வச்சிருக்கும். போட்டோவுக்கும் அப்படித்தான் இருக்கும். உன் பிள்ளை ஒல்லி தாயி. நான் தைச்சதுல ரெண்டு அருணா நுழையலாம்."

"ஆறு வருஷமாத் தெரியுமா? ஏன் பாய் சொல்லல?"

"ஷம்மாவுக்குப் போட்டுப் பாத்தேன்னு நீ வந்து சொல்லும்போது உன் மூஞ்சியை நீ பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன். அதைப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்ல?"

அவள் அழவில்லை. போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "கச்சேரிக்கு நான் வரல. டிக்கெட்டை யாருக்காச்சும் குடுத்துருங்க" என்று போய்விட்டாள்.

ஆறு நாள் மகளோடு பேச்சு வழக்கம்போல நடந்தது. சாப்டியா, சாப்டேன். பாட்டைப் பற்றி இவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சனிக்கிழமை நான் போன் செய்தேன்.

"நீ வராட்டி நானும் போக முடியாது. எனக்கு இதுதான் கடைசி ராப் கச்சேரின்னு டாக்டர் சொல்லிட்டார்."

"எந்த டாக்டரு?"

"பல் டாக்டர்."

மறுமுனையில் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஆனால் மறுநாள், திரும்ப ராத்திரியாகும் என்று மேடத்திடம் சொல்லிவிட்டு வந்தாள்.

ஊருக்கு வெளியே ஒரு திறந்த மைதானம். சாயங்காலம் ஐந்து மணிக்கே நிரம்பிவிட்டது. நாற்பதாயிரம் பேர் என்று நான் ஊருக்கு எழுதினேன், ஐயாயிரம் இருக்கலாம். கம்பெனி பஸ்களில் தொழிலாளர் கேம்ப் கேம்பாக வந்து இறங்கிய ஆண்கள். குளித்துத் தலைசீவி, லீவில் ஊருக்குப் போகும்போது போடுகிற சட்டையைப் போட்டிருந்தார்கள். பெண்கள் விரல் விட்டு எண்ணலாம். எங்களைப் பார்த்ததும், "வாங்கக்கா, வாங்கம்மா, இங்கிட்டு நில்லுங்க, இடிக்க மாட்டாய்ங்க" என்று வேலிக் கம்பியோரம் இடம் விட்டார்கள்.

கருவேலன் வந்தான். போனில் கேட்ட குரலுக்கு இவ்வளவு சின்ன உடம்பா என்றிருந்தது. பழைய பாட்டுகளுக்குத் தரை அதிர்ந்தது. பஞ்சவர்ணம் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். தனக்குப் பிடித்த பாட்டுகளுக்குக்கூட உதடு அசையவில்லை. எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பாட்டின் மேளம் தொடங்கியதும் சுற்றிலும் போன்கள் உயர்ந்தன. படம் பிடிக்கத்தான் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு திரையிலும் ஒரு முகம் இருந்தது. மனைவி, பிள்ளை, அம்மா. வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, பாட்டை அந்தப் பக்கம் காட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் நம்மவர்கள் கடல் பார்த்தாலும் கட்டிடம் பார்த்தாலும் அப்படித்தான். தனியாக எதையும் பார்த்து முடிப்பதில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு வெல்டரின் திரையில் ஆறு வயதுப் பெண் ஒன்று வாயில் பிஸ்கட்டோடு பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசி அடியை அவன் பாடவில்லை. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். எங்கம்மா எவன் தோள அளந்து வாங்குனா என்று ஐயாயிரம் பேர் பாடினார்கள். பெட்டி அனுப்புகிறவர்கள் அத்தனை பேரும். அந்த வெல்டருக்கு அடி பாதியில் குரல் நின்றுவிட்டது. போனை மட்டும் இறக்கவில்லை.

கருவேலன் மைக்கைத் தன் பக்கம் திருப்பினான். பிறகு சொன்னான்: "எங்கம்மாவத் திட்டுறதுக்குத்தான் இதை எழுதினேன். இதைக் கேட்டுட்டு அம்மா ஒண்ணுமே சொல்லலண்ணே. சாப்டியான்னு கேட்டுச்சு. அதான் இனி ஊரு ஊராப் போயிப் பாடப்போறேன்."

கூட்டம் கைதட்டியது. பஞ்சவர்ணம் கம்பியை விட்டுவிட்டு வெளியே நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். ஓடினேன் என்றால் நம்புங்கள்.

பஸ் நிறுத்தத்தில் ஆள் இல்லை. மகளுக்கு அடித்து, சாலை இரைச்சலுக்காக ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, சாப்டியா?" என்றது அருணாவின் குரல்.

"அந்தப் பாட்டை ஏன்டி அனுப்புன?"

லைன் அறுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"திட்டத்தான்" என்றாள் அருணா.

பஞ்சவர்ணம் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அதை நேராத் திட்ட வேண்டியதுதான?"

"எப்படித் திட்டுறது? உங்கம்மா பாவம், ஒண்ணும் சொல்லிறாதன்னு அத்தை சொல்லிச் சொல்லியே வளத்துச்சு. சட்டை தொளதொளன்னு இருக்குன்னு சொன்னாக்கூட, அம்மா காதுல விழுந்துறக் கூடாதுன்னு ஊசி நூலை எடுத்துக்கிட்டு ஒக்காந்துரும். நான் எங்கதான் போயிச் சொல்ல?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"சரி, இப்பச் சொல்றேன். நான் பெரியவளானப்ப நீ ஏன் வரல?"

"லீவு கிடைக்கலத்தா."

"கேட்டியா? மேடம்கிட்ட வாயத் தொறந்து கேட்டியா?"

நான் சாலையைப் பார்த்தேன். இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லிவிடலாம். என்னிடம் கேட்டிருந்தால் நானே நாலு எடுத்துக் கொடுத்திருப்பேன்.

"கேக்கல" என்றாள் பஞ்சவர்ணம். "ஷம்மாவுக்கு அம்மை போட்டிருந்துச்சு. என்னைய நகர விடல. அதை விட்டுட்டு எப்படி வாறதுன்னு கேக்கல."

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. அதன் நடுவிலேயே வார்த்தைகள் வந்தன. ஹாஸ்டலே கேட்கிற மாதிரி கத்தினாள். பள்ளிக்கூடத்தில் அம்மாவைக் கூட்டிவா என்று வெளியே நிறுத்தி வைத்தது, காய்ச்சலில் அத்தையை அம்மா என்று கூப்பிட்டது, அதற்கு அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதது. பஞ்சவர்ணம் எல்லாவற்றையும் குனிந்து கேட்டாள். பிறகு அவளுக்கும் பொறுக்கவில்லை.

"நான் என்ன ஊர் சுத்திப் பாக்கவாடி இங்க வந்தேன்? யாருக்குடி ஒழைச்சேன்?"

"நான் கேட்டனா? பெட்டி அனுப்புன்னு நான் கேட்டனா?"

"கேக்காமத்தான்டி குடுக்கணும், பெத்தவ!"

"பெத்தா போதுமா?"

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் எங்களைப் பார்த்தார். பஞ்சவர்ணம் போனை வாய்க்கருகே பிடித்துக்கொண்டு கண்ணும் மூக்கும் ஒழுக மகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வச்சிரவா என்று இருவரில் ஒருத்தியும் கேட்கவில்லை. நான் கையைக் காட்டி பஸ்ஸைப் போகச் சொன்னேன். அடுத்ததையும்.